விரைவும் திறனும்

நுழையும்முன்

ஒரே ஊர்ப்பகுதியில், ஒரே வகை இயந்திரங்களைக் கொண்டு, ஒரே பொருளைச் செய்யும் இரண்டு தொழிற்கூடங்களுள் ஒன்று வளர்கிறது, மற்றொன்று தேய்கிறது. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? தொழிலாளர் விரைந்து உழைப்பதா? திறம்பட உழைப்பதற்கு வழி அமைந்திருப்பதா? அவ்வாறு கிட்டும் வெற்றியின் பயன் யாரைச் சேர வேண்டும்? சென்னையின் வடமேற்கே விரிந்துள்ள தொழில் மண்டலத்தைப் பின்னணியாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்கிறது இக்கட்டுரை.

வயலும் ஆலையும்

ஆரணியாற்றின் கரையில், பவானியம்மன் கோயிலால் பெயர்பெற்று விளங்கும் ஊர் பெரியபாளையம். ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில், வேப்பிலை ஆடை உடுத்தி நேர்த்திக்கடன் செலுத்த வரும் மக்களால் அவ்வூர் நிறைந்து வழியும். நெல்லும் பூவும் காய்கறியும் விளையும் சிற்றூர்கள் அதனைச் சூழ்ந்துள்ளன. அதன் வடக்கே கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய்க் கண்டிகையிலும் சிப்காட் தொழில் வளாகங்கள் அமைந்துள்ளன. தெற்கே அம்பத்தூரும் பாடியும் பல தலைமுறைகளாக இயந்திரத் தொழிலுக்குப் பெயர்பெற்றவை. கிழக்கே எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள் உள்ளன. இரும்பும் உருக்கும், வாகன உதிரிபாகங்களும், டயர்களும் இம்மண்டலத்தில் உருவாகி உலகெங்கும் செல்கின்றன.

இப்பகுதியின் மேனிலைப் பள்ளிகளில் பயில்வோருள் பலர், நாளை தொழிற்பயிற்சி நிலையத்தின் வழியாகவோ பொறியியல் கல்லூரியின் வழியாகவோ இந்த ஆலைகளுக்குள் நுழைவர். சிலர் சிறு பட்டறைகளைத் தாமே தொடங்குவர். அங்கே அவர்கள் நாள்தோறும் கேட்கப்போகும் சொல் ‘உற்பத்தித்திறன்’. அச்சொல்லைச் சரியான பொருளில் அறிந்தவரே அதனை ஆள முடியும். அறியாதவரை அச்சொல் ஆளும்.

உற்பத்தியும் உற்பத்தித்திறனும்

உற்பத்தி என்பது செய்து முடித்த பொருளின் அளவு. உற்பத்தித்திறன் என்பது அப்பொருளைச் செய்வதற்குச் செலவான உழைப்பு, நேரம், மூலப்பொருள், மின்சாரம், மூலதனம் ஆகியவற்றுக்கும் கிடைத்த பொருளுக்கும் உள்ள விகிதம். இரண்டும் ஒன்றே என்று கருதுவோர் பலர். ஓர் எளிய கணக்கு இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கும்.

ஒரு தொழிற்கூடத்தில் 10 பேர் 8 மணி நேரம் உழைத்து 400 உதிரிபாகங்களைச் செய்கின்றனர் எனக் கொள்வோம். செலவான உழைப்பு 80 மணி. ஒரு மணி உழைப்பிற்குக் கிடைத்தவை 5 பாகங்கள். தேவை மிகுந்தமையால் மறுநாள் அதே 10 பேரும் 12 மணி நேரம் உழைத்து 540 பாகங்களைச் செய்கின்றனர். உற்பத்தி உயர்ந்துவிட்டது. ஆனால் செலவான உழைப்பு 120 மணி; ஒரு மணிக்குக் கிடைத்தவை 4.5 பாகங்களே. களைப்பினால் கை தவறி, அவற்றுள் 40 பாகங்கள் பழுதாகிக் கழிக்கப்பட்டால், ஒரு மணிக்குக் கிடைத்தவை ஏறத்தாழ 4.2 பாகங்களாகக் குறைந்துவிடும். அந்த 40 பாகங்களுக்காகச் செலவிட்ட இரும்பும் மின்சாரமும் வீண். மிகைநேர ஊதியத்தால் ஒவ்வொரு பாகத்தின் அடக்கவிலையும் ஏறும். முதலாளி மகிழ்கிறார், தொழிலாளர் தளர்கின்றனர், தொழிற்கூடமோ போட்டியில் பின்தங்குகிறது.

அதே 10 பேர் அதே 8 மணி நேரத்தில், இயந்திரம் வெறுமனே நிற்கும் நேரத்தைக் குறைத்து 440 பாகங்களைச் செய்தால், ஒரு மணிக்கு 5.5 பாகங்கள் கிடைக்கும். இங்கே யாரும் கூடுதலாகக் களைத்துப்போகவில்லை. உயர்ந்தது திறன். போட்டியில் முந்துவதற்கு நிறுவனங்கள் நம்பத்தக்க வழி இதுவே என்பதற்குத் தொழில் வரலாறு சான்று பகர்கிறது.

காத்திருந்து வாங்கிய காலம்

திறனின்றியும் ஒரு நிறுவனம் நெடுங்காலம் வாழ முடியும், போட்டி இல்லாதவரை. விடுதலைக்குப் பின் இந்தியாவில் தொழில் தொடங்கவும் விரிவாக்கவும் அரசின் உரிமம் தேவைப்பட்டது. மகிழுந்தும் ஸ்கூட்டரும் வாங்க விரும்புவோர் பணத்தைக் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். வாங்குவோர் காத்திருக்கும் சந்தையில், விற்பவர் தம்மைத் திருத்திக்கொள்ளத் தேவை எழுவதில்லை. பொருளில் பழுதிருந்தாலும் வாங்குவோரே அதனைச் சரிசெய்துகொண்டனர்.

1983ஆம் ஆண்டின் இறுதியில், ஜப்பானின் சுசுகி நிறுவனத்துடன் இணைந்து மாருதி தன் முதல் மகிழுந்தை வெளியிட்டது. 1991ஆம் ஆண்டின் பொருளாதாரச் சீர்திருத்தத்தால் உரிமக் கட்டுப்பாடுகள் பெரிதும் தளர்ந்தன. உலக நிறுவனங்கள் இந்தியாவிற்கு வந்தன. பல பத்தாண்டுகள் இந்தியச் சாலைகளை ஆண்ட அம்பாசிடர் மகிழுந்தின் உற்பத்தி 2014ஆம் ஆண்டு நின்றுபோயிற்று. பழம்பெருமை ஒரு பொருளைச் சந்தையில் நிலைநிறுத்தாது என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

பாடியில் கிடைத்த பாடம்

மாற்றம் வரும் என்பதை முன்னுணர்ந்து தம்மைத் திருத்திக்கொண்ட நிறுவனங்களும் உள்ளன. அவற்றுள் குறிப்பிடத்தக்கவை சில, பெரியபாளையத்திலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவிலுள்ள பாடியில் இருந்தன.

அவற்றின் கதையை அறிய, முதலில் ஜப்பானுக்குச் செல்ல வேண்டும். இரண்டாம் உலகப்போரில் சிதைந்த ஜப்பானின் பொருள்கள் அந்நாளில் மலிவானவை, மட்டமானவை என்றே உலகச் சந்தையில் கருதப்பட்டன. 1950ஆம் ஆண்டு, அந்நாட்டு அறிவியலாளர், பொறியாளர் ஒன்றியத்தின் அழைப்பின் பேரில் எட்வர்ட்ஸ் டெமிங் என்னும் அமெரிக்கப் புள்ளியியலாளர் அங்கே சென்று விரிவுரைகள் நிகழ்த்தினார். பொருளைச் செய்து முடித்தபின் பழுதானவற்றைப் பொறுக்கி எறிவது பெருஞ்செலவு. பழுது தோன்றும் இடத்தையே கண்டறிந்து திருத்தினால், தரம் உயரும்போதே செலவும் குறையும் என்பது அவர் கற்பித்ததன் சாரம். தம் விரிவுரைத் தொகுப்பின் உரிமத்தொகையை அவர் அந்த ஒன்றியத்திற்கே வழங்கினார். அதனைக் கொண்டு 1951ஆம் ஆண்டு ‘டெமிங் பரிசு’ நிறுவப்பட்டது.

பாடியில் 1962ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சுந்தரம் கிளேட்டன், கனரக வாகனங்களுக்கான பிரேக் கருவிகளைச் செய்துவந்தது. அந்நிறுவனம் முழுமைத் தர மேலாண்மை என்னும் முறையை ஏற்று, ஜப்பானிய வல்லுநர்களின் வழிகாட்டுதலுடன் பல ஆண்டுகள் தன்னைத் திருத்திக்கொண்டது. 1998ஆம் ஆண்டு அதன் பிரேக் பிரிவு டெமிங் பரிசைப் பெற்றது. அப்பரிசைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம் அதுவே.

பாடியிலேயே உருவான சுந்தரம் பாஸ்டனர்ஸ் நிறுவனத்தின் அனுபவம் மற்றொரு சான்று. பிரிட்டனில் இயங்கிவந்த ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ரேடியேட்டர் மூடி செய்யும் இயந்திர வரிசையை 1990களின் தொடக்கத்தில் வாங்கி, அதனைச் சென்னைக்குக் கொண்டுவந்து நிறுவியது அந்நிறுவனம். அதே ஜெனரல் மோட்டார்ஸுக்கே அம்மூடிகளைச் செய்து அனுப்பியது. அந்நிறுவனத்தின் சிறந்த வழங்குநர் விருதையும் பல ஆண்டுகள் தொடர்ந்து பெற்றது.

இங்கே சிந்திக்கத்தக்கது ஒன்றுண்டு. இயந்திரங்கள் புதியவை அல்ல. செய்த பொருளும் புதியதன்று. மாறியவை இடமும் கைகளும் வேலை நடந்த முறையுமே. இந்தியாவில் கூலி குறைவு என்பதும் இவ்வெற்றிக்கு உதவியது; அதனை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் குறைந்த கூலி கிடைக்கும் நாடுகள் உலகில் பல இருந்தன. கடல் கடந்து, குறித்த நாளில், பழுதின்றிப் பொருளைச் சேர்ப்பிக்கும் ஒழுங்கு எல்லா நாடுகளிலும் கிடைத்துவிடவில்லை.

[தெரிந்து தெளிவோம்
சுந்தரம் கிளேட்டனைத் தொடர்ந்து, தமிழ்நாட்டைச் சேர்ந்த வேறு சில நிறுவனங்களும் டெமிங் பரிசு பெற்றுள்ளன. டி.வி.எஸ். மோட்டார் 2002ஆம் ஆண்டும், ரானே பிரேக் லைனிங்ஸ் 2003ஆம் ஆண்டும், லூகாஸ் டி.வி.எஸ். 2004ஆம் ஆண்டும் இப்பரிசைப் பெற்றன.]

மூன்று நிமிடத்தில் மாறிய அச்சு

வேலை நடக்கும் முறை மாறினால் எவ்வளவு மாற்றம் நிகழும் என்பதற்கு டொயோட்டா ஆலையில் நிகழ்ந்த ஒன்று புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. தகட்டை அழுத்தி வாகன உறுப்புகளைச் செய்யும் 1000 டன் அழுத்தப்பொறியில், ஒரு பொருளுக்கான அச்சைக் கழற்றி மற்றொரு பொருளுக்கான அச்சைப் பொருத்த 4 மணி நேரம் ஆயிற்று. அந்த 4 மணி நேரமும் பொறி வாளாநிற்கும். 1969ஆம் ஆண்டளவில் ஷிகியோ ஷிங்கோ என்னும் பொறியாளர் இச்சிக்கலை ஆராய்ந்தார். பொறி நின்றபின் செய்தே தீர வேண்டிய வேலைகள் எவை, பொறி ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்துவைக்கத்தக்கவை எவை எனப் பிரித்தார். அடுத்த அச்சைக் கொண்டுவந்து வைத்தல், கருவிகளை எடுத்து அடுக்குதல், அளவுகளைச் சரிபார்த்தல் போன்றவை முன்கூட்டியே முடிக்கப்பட்டன. 4 மணி நேரம் முதலில் ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது. பின்னர் 3 நிமிடங்களாயிற்று.

உழவர்க்கு இஃது அறியாத செய்தியன்று. நாற்று பறித்துக் கட்டும் வேளையிலேயே நடவு வயலை உழுது, பரம்படித்து, நீர் கட்டி அணியமாக வைத்திருப்பார் தேர்ந்த உழவர். நாற்றைக் கரையில் வைத்துவிட்டு வயலைத் திருத்தத் தொடங்கினால், நாற்றும் வாடும். நடவாட்களின் நாளும் வீணாகும். ஆலையில் ஷிங்கோ செய்ததும் வயலில் உழவர் செய்வதும் ஒரே வகை அறிவின் இரு வடிவங்கள்.

இம்முறையைப் பின்பற்றப் பெருமூலதனம் எப்போதும் தேவைப்படுவதில்லை. ஐந்து லேத் இயந்திரங்களைக் கொண்டு இயங்கும் பட்டறையும் இதனைச் செய்யலாம். தேவையற்றதை அகற்றல், ஒவ்வொன்றையும் அதற்குரிய இடத்தில் வைத்தல், தூய்மை பேணல், அவ்வொழுங்கை முறையாக்கல், நாளும் கடைப்பிடித்தல் என்னும் ஐந்தும் ஜப்பானிய ஆலைகளின் அடிப்படைப் பழக்கங்கள். ஒரு ஸ்பேனரைத் தேடி நாளொன்றுக்கு 12 நிமிடங்கள் செலவிடும் தொழிலாளி, 25 வேலைநாள்கள் கொண்ட மாதத்தில் 5 மணி நேரத்தைத் தேடுவதிலேயே இழக்கிறார். கருவிகளை மாட்டிவைக்க ஒரு பலகையும் அவற்றின் வடிவத்தை அதில் வரைந்துவைக்கச் சிறிது வண்ணமும் அந்த 5 மணி நேரத்தை மீட்டுத் தரும்.

விலைக்குக் கிடைக்காத செல்வம்

நவீன இயந்திரத்தை ஒரு நிறுவனம் வாங்கினால், பணமுள்ள போட்டியாளரும் அதனை அடுத்த மாதமே வாங்கிவிடுவார். மூலப்பொருளின் விலையும் மின்கட்டணமும் ஒரு தொழில் வளாகத்தில் பெரும்பாலும் அனைவருக்கும் ஒன்றே. ஆகவே இவற்றால் கிடைக்கும் முந்துநிலை நீடிப்பதில்லை. எளிதில் பின்பற்ற இயலாதது, அந்நிறுவனத்துத் தொழிலாளர் பல ஆண்டுகளில் திரட்டிய அறிவும், அவ்வறிவைக் கேட்டுச் செயற்படுத்தும் நிருவாகத்தின் பழக்கமும் ஆகும்.

ஓர் இயந்திரத்தின் அருகில் நாளும் 8 மணி நேரம் நிற்பவர், அதன் ஓசை மாறுவதைக் கொண்டே பழுது வரப்போவதை அறிவார். எந்தத் திருகு தளரும், எந்த அளவில் தகடு கிழியும், எந்த இடத்தில் குனிந்து குனிந்து முதுகு வலிக்கும் என்பனவற்றை அவரைவிட நன்கறிந்தவர் எவருமில்லை. 1962ஆம் ஆண்டு முதல் ஜப்பானில், கௌரு இஷிகாவாவின் முயற்சியால் பரவிய தர வட்டங்கள் இவ்வுண்மையின் மீது எழுந்தவை. ஒரே பிரிவில் பணிபுரியும் சிலர் ஒன்றுகூடி, தம் வேலையிலுள்ள குறைகளைத் தாமே ஆராய்ந்து தீர்வு காணும் குழுவே தர வட்டம். டொயோட்டா ஆலையில், பழுதைக் கண்ட தொழிலாளி ஒரு கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையையே நிறுத்தும் உரிமை பெற்றிருந்தார். வரிசையை நிறுத்துவதால் சில நிமிடங்கள் இழப்பாகும். நிறுத்தாவிடில், பழுது ஆயிரம் வண்டிகளில் ஏறிச் சந்தைக்குச் சென்றுவிடும்.

இத்தகைய உரிமை, நம்பிக்கை உள்ள இடத்தில்தான் வேர்கொள்ளும். குறையைச் சுட்டினால் திட்டு விழும் என்று அஞ்சும் தொழிலாளி வாய் திறக்கமாட்டார். தாம் சொல்லும் யோசனையால் தம் நண்பரின் வேலை பறிபோகும் என்று ஐயுறுபவர் அந்த யோசனையைத் தம்முள்ளேயே புதைத்துவிடுவார். ஆறு மாதங்களில் விடுவிக்கப்படவிருக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்க்கு, அந்த ஆலையின் நாளையைப் பற்றிக் கவலைப்படக் காரணம் ஏதும் இல்லை. நிலையற்ற வேலை நிறுவனத்திற்குக் கூலியை மிச்சப்படுத்தித் தரலாம். ஆனால், போட்டியில் முந்துவதற்குத் தேவையான அறிவு, ஆள் மாறும் ஒவ்வொரு முறையும் ஆலையின் வாயிலைக் கடந்து வெளியேறிவிடுகிறது.

கட்டாய விரைவின் விலை

உற்பத்தித்திறனைப் பெருக்கும் முயற்சி தவறான வழியில் சென்றதற்கும் வரலாற்றில் சான்றுண்டு. 1913ஆம் ஆண்டு ஹென்றி ஃபோர்டு தம் ஆலையில் நகரும் உற்பத்தி வரிசையை அமைத்தார். ஒரு மகிழுந்தின் அடிச்சட்டத்தைப் பூட்ட ஏறத்தாழ பன்னிரண்டரை மணி நேரமானது, ஓராண்டிற்குள் ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது. உலகமே வியந்தது. ஆனால், ஒரே அசைவை நாள் முழுவதும் வரிசையின் வேகத்திற்கு ஈடாகச் செய்ய நேர்ந்த தொழிலாளர் கூட்டம் கூட்டமாக வெளியேறினர். ஆலையின் மொத்தப் பணியாளர் எண்ணிக்கையைப்போல் மூன்று மடங்குக்கும் மேற்பட்டோர் ஒரே ஆண்டில் வேலையை விட்டு நீங்கினர். புதியோரைச் சேர்ப்பதும் பயிற்றுவதுமே பெருஞ்செலவாயிற்று. 1914ஆம் ஆண்டு சனவரியில், ஒரு நாள் ஊதியத்தை 5 டாலராக, அதாவது ஏறத்தாழ இரு மடங்காக உயர்த்தி, வேலை நேரத்தையும் 9 மணியிலிருந்து 8 மணியாகக் குறைத்தார் ஃபோர்டு. வரிசையின் வேகத்தை இயந்திரம் தந்தது. அவ்வேகம் நிலைப்பதற்கோ மனிதர் நிலைக்க வேண்டியிருந்தது.

வேலை நேரத்திற்கு வரம்பு வேண்டும் என்னும் குரல் தமிழ் மண்ணிலும் நெடுங்காலத்திற்கு முன்பே எழுந்தது. 1918ஆம் ஆண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. 1923ஆம் ஆண்டு சிங்காரவேலர் சென்னையில் மே நாளைக் கொண்டாடினார். விடுதலை பெற்ற இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், வாரத்திற்கு 48 மணி நேரம் என வேலையை வரையறுத்து, மிகைநேர உழைப்பிற்கு இரு மடங்கு ஊதியம் என்றும் விதித்தது. இத்தகைய வரம்பைத் தொழிலுக்குத் தடை என்று கருதுவோர் உண்டு. உண்மையில், அஃது ஆலையைத் திறனின் பக்கம் திருப்பும் அணை. நேரத்தை நீட்டும் எளிய வழி அடைபடும்போதுதான், வீணைக் குறைக்கும் அரிய வழியை நிருவாகம் தேடுகிறது.

கணக்கில் சேராத செலவுகளும் உண்டு. பாதுகாப்புக் கவசத்தைக் கழற்றிவிட்டு இயந்திரத்தை ஓட்டினால் சில நொடிகள் மிச்சமாகும். ஒரு தொழிலாளியின் விரல்கள் போகவும் கூடும். கழிவுநீரைத் தூய்மைப்படுத்தாமல் வெளியேற்றினால் ஆலையின் செலவு குறையும். அந்நீர் ஊறிய நிலத்தில் பயிரிடும் உழவர் அச்செலவைச் சுமப்பார். பிறர் தோளில் ஏற்றிய சுமையை மிச்சம் என்று எழுதிக்கொள்வது திறனாகாது.

பயன் பகிரப்படல் வேண்டும்

1955ஆம் ஆண்டு ஜப்பானில் உற்பத்தித்திறன் மையம் தொடங்கப்பட்டபோது மூன்று கொள்கைகள் வகுக்கப்பட்டன. உற்பத்தித்திறன் உயர்வு வேலைவாய்ப்பைக் காத்துப் பெருக்க வேண்டும். தொழிலாளரும் நிருவாகமும் கலந்து பேசி முறைகளை வகுக்க வேண்டும். விளையும் பயன் நிறுவனம், தொழிலாளர், நுகர்வோர் ஆகியோரிடையே நேர்மையாகப் பகிரப்பட வேண்டும் என்பனவே அவை. இந்தியாவிலும் 1958ஆம் ஆண்டு தேசிய உற்பத்தித்திறன் குழு அமைக்கப்பட்டது.

ஊதியத்தை உயர்த்தினால் விலை ஏறாதா, விலை ஏறினால் போட்டியில் தோற்க நேராதா என்னும் வினா எழலாம். திறன் உயராத இடத்தில் அவ்வச்சம் பொருந்தும். திறன் உயர்ந்த இடத்தில் கணக்கு வேறாகும். ஒரு பொருளின் அடக்கவிலை 100 ரூபாயிலிருந்து 90 ரூபாயாகக் குறைகிறது எனக் கொள்வோம். மிஞ்சிய 10 ரூபாயில் 4 ரூபாய் விலைக்குறைப்பாக நுகர்வோரைச் சேரலாம்; 3 ரூபாய் ஊதியமாகத் தொழிலாளரைச் சேரலாம்; 3 ரூபாய் புதிய கருவிகளுக்கும் இலாபத்திற்கும் ஆகலாம். மூவரும் பயன்பெற்ற பின்னரும் பொருள் முன்னைவிட மலிவாகவே விற்கும். அந்த 10 ரூபாயையும் ஒருவரே எடுத்துக்கொண்டால், அடுத்த 10 ரூபாயை மிச்சப்படுத்தும் யோசனை எவரிடமிருந்தும் வாராது.

ஓர் ஆலையின் உற்பத்தித்திறனை மதிப்பிட விரும்பும் மாணவர், நாளொன்றுக்கு எத்தனை பொருள்கள் வெளிவருகின்றன என்பதோடு நின்றுவிடலாகாது. அவற்றுள் பழுதானவை எத்தனை, இயந்திரங்கள் வாளாநின்ற நேரம் எவ்வளவு, தொழிலாளர் கூறிய யோசனைகளுள் எத்தனை நிறைவேறின, ஐந்தாண்டுகளுக்கு முன் சேர்ந்தவர்களுள் எத்தனைபேர் இன்னும் அங்கே பணிபுரிகின்றனர், திறன் உயர்ந்தபோது ஊதியமும் உயர்ந்ததா என வினவுதல் வேண்டும். இவ்வினாக்களைக் கேட்கக் கற்றவர் தொழிலாளியாகச் சென்றால் தம் அறிவின் மதிப்பை உணர்ந்தவராக விளங்குவர்; பொறியாளராகச் சென்றால் இயந்திரத்தோடு மனிதரையும் காண்பர்; பட்டறை தொடங்கினால், உடன் உழைப்போரின் சொல்லுக்குச் செவிகொடுப்பர். அத்தகையோர் பெருகும் தொழில் மண்டலம், போட்டி எத்திசையிலிருந்து வந்தாலும் அஞ்சாது நிற்கும்.